திரையில் என்ன எழுதியிருக்கிறது

நவமியன்று காலை ஒன்பது மணிக்கு சுரேஷ்குமார் கம்ப்யூட்டர் பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து எண்ண ஆரம்பித்தான். பெட்டிக்குள் விசிறி சுழலும் சத்தம் கேட்டது. வழக்கமாக நாற்பது எண்ணுவதற்குள் ஒரு குரல் எழுந்து பெயரைத் தட்டச் சொல்லும். இருபத்திரண்டு வயதில் இரண்டு கண்ணும் முழுதாகப் போய்விட்ட அவனுக்கு, திரையில் இருப்பதையெல்லாம் படித்துக் காட்டுவது அந்தக் குரல்தான். அன்றைக்கு நாற்பது ஆயிற்று, நூறு ஆயிற்று, இருநூற்றைம்பதும் ஆயிற்று. குரல் வரவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் விசிறிதான் சுழன்றது. ஸ்பீக்கரைக் கழற்றிப் போனில் செருகிப் பார்த்தான். அது கணீரென்று பேசியது. ஆக ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. குரல் வராவிட்டாலும் உள்ளே எல்லாம் சரியாக இருக்கலாம் என்ற நப்பாசையில் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் குருட்டாம்போக்கில் தட்டிப் பார்த்தான். பயனில்லை. ஏதோ பாதி வழியில் நின்றுவிட்டது. எங்கே நின்றது, ஏன் நின்றது என்று திரையில் எழுதியிருக்கும். அதைப் படித்துச் சொல்ல வேண்டிய குரல்தான் எழவில்லையே.

நேரமும் இல்லை. பன்னிரண்டரைக்குத் தேர்வு. ஹாலந்துக் கம்பெனி ஒன்று, பல நாடுகளில் வைத்திருக்கும், லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் தன் கம்ப்யூட்டர்களை வீட்டிலிருந்தபடியே கவனித்துக்கொள்ள ஆள் தேடியது. இரண்டு கட்டம் தேறிவிட்டான், இது மூன்றாவது, கடைசி. கெட்டுப்போன இயந்திரம் ஒன்றை இணையம் வழியாகக் கையில் கொடுப்பார்கள். அது ஏன் எழவில்லை என்று கண்டுபிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் எழுப்ப வேண்டும். பன்னிரண்டே முக்காலுக்குள் உள்ளே நுழையாதவருக்குக் கதவு சாத்தப்படும் என்று கடிதத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள்.

கல்கத்தா சால்ட் லேக்கில் ஒன்பது வருடம் பார்த்த வேலை ஏழு மாதத்துக்கு முன் போய்விட்டது. அந்த ஆபீசில் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கினார்கள். அதன் திரைகள் எந்தக் குரலுக்கும் பிடிகொடுக்கவில்லை. பேசாத திரைக்கு முன்னால் உங்களை உட்கார வைத்து என்ன பயன் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டு, பூங்கொத்து கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களில் இந்த ஒன்றுதான் இவ்வளவு தூரம் வந்தது. சொந்தக் கம்ப்யூட்டரிலேயே தேர்வு எழுதலாம் என்று ஒப்புக்கொண்டதும் இவர்கள் மட்டும்தான். அவனுக்கு நாற்பத்தொரு வயது. இது போனால் இன்னொன்று என்று சொல்வது மற்றவர்களுக்குச் சுலபம்.

தேதியை மாற்றிக் கேட்டிருக்கலாம். ‘அன்றைக்கு எங்கள் ஊரில் துர்கா பூஜை, ஊரே தெருவில் நிற்கும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர்கள் மறுத்திருக்க மாட்டார்கள். கண்ணுக்காக ஒரு சலுகை வாங்கியாயிற்று, பண்டிகைக்காக இன்னொன்றா என்று எழுதாமல் விட்டான். ரோஷக்காரன். அந்த ரோஷம் இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டான் என்பதும் உண்மை, அதனாலேயே பல இடங்களில் முட்டிக்கொண்டு நின்றான் என்பதும் உண்மை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. தேர்வுக்கு முந்தின நாள் புத்தியுள்ள எவனும் செய்யாத காரியத்தைச் செய்திருந்தான். பாதுகாப்புக் கோளாறு ஒன்று சரிசெய்யப்பட்டதாக அறிவிப்பு வந்ததைப் பார்த்து, அஷ்டமியன்று மாலை இயங்குதளத்தைப் புதுப்பித்தான். புதுப்பித்து முடித்ததும் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அஷ்டமியும் நவமியும் கூடும் நேரத்துச் சந்தி பூஜையைப் பார்க்க மனைவி செல்வராணி கிளம்பச் சொன்னதால் அப்படியே அணைத்துவிட்டுத் துர்கைப் பந்தலுக்குப் போய்விட்டான். ஆகவே இப்போது அவன் மனதில் சந்தேகமே இல்லை. புதுப்பித்ததில்தான் எதுவோ உடைந்திருக்கிறது.

லேக் கார்டன்ஸ் பகுதியில் அவர்கள் குடியிருந்தது தரைத்தளம். வாசலிலிருந்து முப்பது அடியில் பந்தல். ஒன்பதரைக்கு டாக் மேளம் தொடங்கிவிட்டது. நாலு பேர் சேர்ந்து அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நடுநடுவே ஒலிபெருக்கியில் ஒருவர், புஷ்பாஞ்சலி செலுத்த வருகிறவர்கள் வரிசையாக நிற்கும்படி வங்காளத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். காதை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடச் சோதனை வேண்டுமா? போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

செல்வராணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகிக் கல்கத்தா வந்தவள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள், வங்காளம் தண்ணீராகப் பேசுவாள். இங்கிலீஷில் மட்டும் அவளுக்கு எழுத்துத் தெரியுமே தவிர வாக்கியம் ஓடாது.

“என்னங்க, பேசலையா அது?”

“ம்.”

“நான் வேணா என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லட்டா?”

“உனக்குப் புரியாது, விடு.”

அவள் போய்விட்டாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை ஆபீஸ் கடிதம் ஒன்றைத் தப்பாகப் படித்துக் காட்டி அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ‘இங்கிலீஷ் வராதுன்னா வராதுன்னு சொல்லிடு’ என்று அன்றைக்கு அவன் சொன்னது, பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்த அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

சுரேஷ்குமார் போனில் அந்த மன்றத்தைத் திறந்தான். லினக்ஸ் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் இணைய இடம் அது. பதினோரு வருடமாக அவன் அங்கே பெரிய மனிதன். கேள்வியைச் சரியாகக் கேட்காதவனைக் குதறி எடுப்பான், சரியாகக் கேட்டவனுக்கு நாள் முழுக்க உட்கார்ந்து வழி சொல்வான். அவன் எழுத்தின் கறார் தோரணையைப் பார்த்துக் கல்கத்தாவில் எழுபது வயதுக் கிழவர் ஒருவர் இருப்பதாகப் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். அவனுக்குப் பார்வை இல்லை என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அங்கேயாவது சுரேஷ்குமாராக மட்டும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்து அவன் அதைச் சொல்லவே இல்லை.

அதற்கு இப்போது வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. ‘புதுப்பித்த பிறகு இயந்திரம் பாதியில் நிற்கிறது, அவசரம்’ என்று எழுதினான். மூன்றே நிமிடத்தில் முதல் பதில் வந்தது: திரையில் என்ன எழுதியிருக்கிறது? இரண்டாவது பதிலும் அதுவே. மூன்றாமவர் ஒரு படம் எடுத்துப் போடச் சொன்னார். ‘திரையைப் பார்க்க முடியவில்லை’ என்று எழுதினான். பொய்யில்லை. ஆனால் படித்தவர்கள் மானிட்டர் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். கேபிளை மாற்று, வேறு துளையில் செருகு, மானிட்டரை மாற்று, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் துடைத்துப் போடு என்று ஆளுக்கொரு யோசனை. நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அவன் ஒவ்வொன்றையும் போன் படிக்கக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். மணி பத்தரை.

உண்மையில் அந்தப் பெட்டியோடு மானிட்டரே சேர்க்கப்பட்டிருக்கவில்லை. அவனுக்கு எதற்கு மானிட்டர்? பழையது ஒன்று பரண்மேல் கிடந்தது. செல்வராணி ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கிக் கொடுத்தாள். இறக்கி, தூசி தட்டி, மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். அவன் கேபிளைத் தடவித் தடவிச் சேர்த்தான். பெட்டியை ஒட்டிக் குனிந்தபோது சந்தன வாசனை வந்தது. பூஜைக்காகப் பெட்டிக்கும் பொட்டு வைத்திருக்கிறாள் என்று புரிந்து எரிச்சலாக இருந்தது.

“போதும், நான் பாத்துக்கறேன்,” என்றான். அவள் திரும்பிப் போனாள்.

எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலியைப் போனில் திறந்து, போனை மானிட்டருக்கு நேராகப் பிடித்தான். மங்கிப்போன திரை, ஊசி முனை எழுத்து, ஜன்னல் வெளிச்சம் வேறு. போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுத்து எதுவும் தெரியவில்லை,” என்றது. பக்கத்தில் கொண்டுபோனான். “எட்டு, எட்டு, பி, மூன்று,” என்றது. சாய்த்துப் பிடித்தான். மறுபடி எழுத்தே இல்லை என்றது.

மாடி வீட்டு வங்காளி மாமி மித்ரா மாஷிமா இருந்தால் கவலையில்லை. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போய்க் கதவைத் தொட்டான். பூட்டு விரலில் பட்டது. பூஜை விடுமுறைக்குப் புரி போகப் போவதாக அவர் போன வாரமே சொல்லியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பழைய ஆபீஸ் நண்பன் பிரிட்டோவுக்கு வீடியோ அழைப்பு போட்டான். எடுத்தான். குடும்பத்தோடு தீகா கடற்கரையில் இருக்கிறானாம். போனை மானிட்டருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சுரேஷ்குமார், “என்ன தெரியுது, படி, படி,” என்றான். பிரிட்டோவின் குரல் துண்டு துண்டாக வந்தது. “கருப்பா... டேய், ஸ்ட்ரக் ஆவுது... ஒண்ணுமே...” அதோடு அறுந்தது. நாலு தடவை முயன்றான், நாலு தடவையும் மணி மட்டும் அடித்தது. முன்பின் தெரியாத யாரோ ஒருவரை அழைத்துக் கேமராவில் காட்டி உதவி கேட்கும் செயலி ஒன்று உண்டு. பார்வையில்லாதவர்கள் பலர் வைத்திருப்பார்கள். அவன் அதைப் போனில் ஏற்றவே இல்லை. இப்போது ஏற்றப் பார்த்தால் பதிவு, உறுதிசெய்தல் என்று அது கேட்ட கேள்விகளில் பாதியிலேயே விட்டுவிட்டான்.

ஆசாமியின் அழகைப் பாருங்கள். முகம் தெரியாத மன்றத்துக்காரன் முதல் தீகாவில் நிற்கிறவன் வரை கேட்டாயிற்று. நல்ல கண் இரண்டை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி வெங்காயம் நறுக்குகிறவளை மட்டும் கேட்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு மன்றத்தில் ஒரு புதிய பதில் வந்தது. புதிதாகச் சேர்ந்த எவனோ. ‘இது பலமுறை கேட்கப்பட்ட கேள்வி. முதலில் கீழே உள்ளதைப் படியுங்கள்’ என்று ஒரு சுட்டி கொடுத்திருந்தான். சுரேஷ்குமார் அதைத் தொட்டான். போன் படிக்கத் தொடங்கியது.

‘இயந்திரம் எழவில்லையா? யூகிக்காதே. நேற்று எதை மாற்றினாய் என்பதை வைத்துக் கதை கட்டாதே. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படி. உன்னால் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.’

எழுதியவர் பெயரையும் போன் படித்தது. அவன் பெயர். ஆறு வருடத்துக்கு முன் அவனே எழுதி, ஆயிரக்கணக்கானவர்கள் நன்றி சொன்ன கட்டுரை. அவமானத்தில் அவனுக்குக் காது மடல் சுட்டது.

“ராணி,” என்று கூப்பிட்டான். மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. எழுந்து அறை வாசல் வரை போய் மறுபடி கூப்பிட்டான். “ராணி, கொஞ்சம் வா. இதுல என்ன இருக்குன்னு படிக்கணும்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் நின்றபடியே திரைக்குக் குனிந்தாள்.

“முழுசா படிக்க வராதுங்க. எழுத்துக் கூட்டித்தான் சொல்லுவேன்.”

“கூட்டியே சொல்லு. கடைசி வரியிலேர்ந்து மேலே போ.”

“கடைசியில... ஜி, ஐ, வி, இ. அப்புறம் ஆர், ஓ, ஓ, டி.”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரூட், அதாவது இயந்திரத்தின் முழு உரிமையும் தருகிற மூலக் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கிறது. அவசர நிலையில் நின்றிருக்கிறது, செத்துப்போகவில்லை. “அதுக்கு மேலே?”

டாக் மேளம் உச்சத்துக்குப் போயிருந்தது. அவள் அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினாள். அவன் விரலால் மேஜைமேல் அதை எழுதிக்கொண்டே வந்தான். டி, ஐ, எம், இ, டி. ஓ, யு, டி. எதற்காகவோ காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. எதற்காக? நீளமான எண் கோவை ஒன்று. அதில் பூஜ்யமா ஓ எழுத்தா என்று அவளுக்குக் குழம்பியது, ‘ஒரு படுத்த கோடு’ என்று நடுநடுவே சொன்னாள். அடுத்த வரிக்கு ஓடச் சொன்னான்.

“டி, இ, பி... பெரிசா இருக்குங்க. அடுத்தது எஃப், ஏ, ஐ, எல், இ, டி. ஃபெயில். அது தெரியும். அப்புறம் ஒரு சாஞ்ச கோடு, எம், என், டி, மறுபடி சாஞ்ச கோடு. என், ஏ, ஜி, ஏ, எல்.” நிறுத்தினாள். “என்னங்க, இது தமிழுல்லா? நகல்னு வருது.”

அவனுக்கு ஒரு நிமிடம் மேளமே கேட்கவில்லை. நகல் என்பது அவன் வைத்த பெயர். பதினோரு வருட வேலையின் பிரதியை ஒரு பென்டிரைவில் வைத்து, பெட்டியின் பின்பக்கத் துளையில் செருகி வைத்திருந்தான். எழும்போதெல்லாம் அதையும் சேர்த்துக்கொண்டு எழு என்று இயந்திரத்துக்கு ஒரு வரி எழுதியிருந்தான். அது வராமல் இயந்திரம் மேலே போகாமல் நின்றிருக்கிறது. புதுப்பித்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெட்டியின் பின்னால் கையை விட்டான். துளை காலியாக இருந்தது.

“இங்க செருகியிருந்துதே ஒண்ணு. எங்க?”

செல்வராணி ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தாள்.

“ராணி.”

“பூஜையில இருக்கு.”

“எதுல?”

“நேத்து பந்தல்லேர்ந்து வந்து தொடைக்கும்போது எடுத்தேன். நாளைக்கு மறுபூஜை முடிஞ்சதும் திரும்ப வச்சிரலாம்னு...”

“யார் உன்னை அதைத் தொடச் சொன்னது?” அவன் கத்தியது மேளத்தையும் மீறிக் கேட்டது. “மூணு மணி நேரம். மூணு மணி நேரமா நான் இங்க செத்துட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லலை நீ.”

அவள் அழவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது. “கம்ப்யூட்டரை பூஜைக்கு வைக்கணும்னேன். பரீட்சை இருக்கு, முடியாதுன்னீங்க. உங்க வேலை பூரா அந்தச் சின்னதுக்குள்ளதான் இருக்குன்னு நீங்கதான ஒரு நாள் சொன்னீங்க. அதை மட்டுமாவது வைப்போம்னு வச்சேன். பரீட்சைக்கு நல்லதுன்னு. அது இல்லாம இது ஓடாதுன்னு எனக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. பந்தலில் இருப்பது மகிஷாசுரனை வதைக்கிற துர்கை. ஊராருக்குச் சரஸ்வதி தை மாசி வாக்கில்தான் வருவாள். இவர்கள் வீட்டில் நவமிதான் சரஸ்வதிக்கு நாள். கூடத்து மூலையில் சிவப்புப் பட்டுத் துணி போட்டு, அவன் பிரெய்ல் புத்தகங்கள், அவள் கத்தரிக்கோல், அளவு நாடா எல்லாம் அடுக்கி, மேலே பூ வைத்திருந்தாள். விஜயதசமி காலை வரைக்கும் அதில் ஒன்றையும் தொடக்கூடாது. அப்படி வீட்டில் சட்டம் போட்டவளே இப்போது ஓடிப்போய், அடுக்கில் கையை விட்டுப் பென்டிரைவை உருவினாள். புத்தகங்கள் சரிந்து விழும் சத்தம் அவனுக்குக் கேட்டது.

மணி பன்னிரண்டேகால். சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். செருகினான், அணைத்துப் போட்டான். தொண்ணூறு விநாடி காத்திருக்கும் அந்த இயந்திரம். அவனும் காத்திருந்தான். குரல் வரவில்லை. உருவி எடுத்து உலோக முனையை நாக்கில் வைத்துப் பார்த்தான். கசந்தது. அவள் சந்தனத்தைக் குழைத்து, ஒரு பொட்டு மேலேயும் ஒரு பொட்டு அந்த முனையிலும் வைத்திருக்கிறாள். ராத்திரியெல்லாம் உள்ளே இறங்கிக் காய்ந்து கெட்டியாகி இருந்தது.

“எனக்கு எது தலை எது வாலுன்னு தெரியலை,” என்றாள் செல்வராணி.

இன்னொரு வழி இருந்தது. இயந்திரத்துக்கு எழுதிய அந்த வரியை முடக்கிவிட்டால், பென்டிரைவ் இல்லாமலே எழும். அவன் மூலக் கடவுச்சொல்லைத் தட்டினான். “என்ன சொல்லுது?” என்றான். அவள் எழுத்துக் கூட்டினாள். தப்பு என்று சொல்லியிருந்தது. மறுபடி தட்டினான். மறுபடி தப்பு. இரண்டு வருடத்துக்கு முன் வைத்த சொல். அது ஞாபகத்திலிருந்தும் போய்விட்டதா என்று ஒவ்வொரு எழுத்தாக மனதுக்குள் கூட்டிப் பார்த்தான்.

“என்னங்க, இந்தப் பலகையில பச்சையா ஒரு விளக்கு எரியுது. எப்பவும் எரியுமா?”

பெரிய எழுத்துக்கான விசை. இப்போது அவசரத்தில் தட்டியபோது விரல் தவறி அழுந்தியிருக்கிறது. அதை விடுவித்துத் தட்டினான். உள்ளே விட்டது.

மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. கட்டளையைத் தட்டினான், அவள் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். ஒரு இடத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது, மறுபடி தட்டினான். பன்னிரண்டரைக்கு எங்கோ ஒரு நாட்டில் ஒரு கெட்டுப்போன இயந்திரம் அவனுக்காகத் தயாராகிவிட்டது. போனை எடுத்து, ‘பத்து நிமிடம் தாமதமாகும், மன்னிக்கவும்’ என்று வாயால் சொல்லி மின்னஞ்சல் எழுத வைத்தான். மேளச் சத்தத்தில் போன் அதை மூன்று முறை தப்பாக எழுதியது. நாலாவது முறை அனுப்பினான்.

“அந்த நகல் வரி எப்படி இருக்கு இப்ப?”

“முன்னால ஒரு குறி வந்திருக்கு. ரெண்டு கோடு நேரா, ரெண்டு கோடு குறுக்கால. கோலத்துக் கட்டம் மாதிரி.”

“அதேதான். அது இருந்தா இந்த வரியைப் படிக்காம தாண்டிரும்.” அணைத்துப் போட்டான். மணி பன்னிரண்டு நாற்பத்து நாலு.

இருவரும் எண்ணினார்கள். அவன் மனதுக்குள், அவள் வாய்விட்டு. முப்பத்தேழில் குரல் வந்தது. செல்வராணி பெருமூச்சு விட்டாள். அவன் பெயரைத் தட்டி, உள்ளே போய், தேர்வுக்கான பக்கத்தைத் திறந்தான். எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டுப் பழகிய அந்தக் குரல், எந்த வருத்தமும் இல்லாமல் ஒரே வரியைப் படித்தது. இந்த அமர்வு முடிந்துவிட்டது. மணி பன்னிரண்டு நாற்பத்தேழு.

அவன் மூன்று முறை அதைத் திரும்பப் படிக்க வைத்தான்.

ஒன்றரை மணிக்குக் கம்பெனியிலிருந்து பதில் மின்னஞ்சல் வந்தது. உங்கள் நிலைமை புரிகிறது, வருந்துகிறோம். ஆனால் எழாத இயந்திரத்தைக் குறித்த நேரத்துக்குள் எழுப்புவதுதான் இந்த வேலை என்பதை நீங்களும் அறிவீர்கள். எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அவர்கள் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன் என்று தோன்றியதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பந்தலில் மேளம் ஓய்ந்து, போக் என்கிற மதியப் பிரசாதம் வாங்க வரும்படி அழைத்துக்கொண்டிருந்தார்கள். செல்வராணி போகவில்லை. சரிந்த புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு, அறை வாசலில் வந்து நின்றாள். அவள் கைவளையல் நிலைக்கதவில் உரசுவது கேட்டது.

மன்றத்தில் அவன் கேள்விக்குக் கீழே நாற்பதுக்கு மேல் பதில் சேர்ந்திருந்தது. எழுந்ததா? என்ன காரணம்? எல்லோருக்கும் தெரிய வேண்டும். ‘சரியாகிவிட்டது’ என்று மட்டும் எழுதிவிட்டு ஓடிப்போகிறவர்களை அங்கே அதிகமாகத் திட்டியவன் அவன்தான். காரணத்தை எழுதியாக வேண்டும், கோளாறைக் கண்டுபிடித்தவர் பெயரையும் போட்டாக வேண்டும். அது அந்த உலகத்தில் எழுதாத சட்டம்.

“என்னன்னு எழுதப் போறீங்க?” என்றாள் அவள். “பொண்டாட்டி பிடுங்கிட்டான்னா?”

அவன் தட்ட ஆரம்பித்தான். தட்டி முடித்து அனுப்பும் முன் கையை எடுத்தான். குரலைப் படிக்க விட்டிருக்கலாம். விடவில்லை.

“இங்க வந்து படி,” என்றான். “சரியா இருக்கான்னு சொல்லு.”

“எனக்குப் புரியாதே.”

“நான் சொல்றேன் பின்னால. முதல்ல படி.”

இந்தத் தடவை அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுத்துக் கூட்டினாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவன் தமிழில் சொன்னான். காரணம், என் தவறு. பென்டிரைவ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ எழு என்று சொல்ல அந்த வரியில் ஒரே ஒரு சொல் சேர்த்திருக்க வேண்டும். பிறருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, என் இயந்திரத்தில் சேர்க்க மறந்தேன். எனக்குக் கண் பார்வை இல்லை. இதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசி வரிக்கு வந்தாள். முதலில் ஒரு நீளச் சொல். அதைத் தாண்டி, “எஸ், இ, எல், வி...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

“அதுக்கு முன்னால இருக்கிறதுக்குக் கண்டறிந்தவர்னு அர்த்தம்,” என்றான் அவன்.

அவள் நாற்காலியில் அவன் பக்கம் திரும்பினாள்.

“இப்படி எழுதினா அந்த வேலை திரும்பக் கிடைக்குமா?”

“கிடைக்காது.”

“அப்ப எதுக்குங்க?”

அவன் பக்கத்தில் இருந்த அவள் கையைத் தேடிப் பிடித்தான். சந்தனம் காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

“மிச்சத்தையும் படி,” என்றான். “முழுப்பேரும் வந்திருக்கா பாரு.”

அவள் விட்ட இடத்திலிருந்து, ஒவ்வொரு எழுத்தாக, கடைசி வரை படித்தாள்.